துரை அண்ணையின் கடைசிச் சரணம்

கலியாண மண்டபத்தில் வாசிக்கிறவனுக்குக் காது இருக்க வேண்டும், ரோசம் இருக்கக் கூடாது. பரிஸ் நகரத்தில் மேடை ஏறி நொந்துபோன சக கலைஞர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கறுப்புக் கண்ணாடி

எங்கள் குழுவை அறுபதுகளில் யாழ்ப்பாணத்தில் தொடங்கியவர் பாடகர் துரை அண்ணை. வானொலியில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சோல்’ பாட்டுக் கேட்டுக் கிறுக்குப் பிடித்து, சாக்ஸபோன், டிரம்ஸ் என்று ஆள் சேர்த்தார். முதல் கச்சேரி கோயில் திருவிழாவில். ஐந்து பேரும் கறுப்புக் கண்ணாடியோடு மேடையேற, கோயில் தலைவர் கேட்டாராம்: “தம்பியவை, அஞ்சு பேருக்கும் ஒரேயடியாக் கண்நோயோ?”

அரிசி மூட்டை

குழு பரிசுக்குப் பெயர்ந்து, நான் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் டிரம்ஸ்காரனாகச் சேர்ந்தபோது பழைய ஆள் அவர் மட்டுந்தான். அவர் கட்டிய பாட்டொன்று இருந்தது. அதன் முடிவில் அவர் முழங்காலில் விழுந்து கதறுவார். நான் ஓடிப்போய்ச் சால்வை போர்த்த வேண்டும். அதை உதறி எறிந்துவிட்டுக் கடைசிச் சரணம் பாடுவார். சோல் பாட்டுக்காரரின் வழக்கம் அது. பரிஸ் மேடையில் ஒருமுறையாவது அந்தச் சரணத்தைப் பாடி முடிக்க வேண்டும், அவருக்கு வேறு ஆசையே இல்லை.

ஒத்திகை அங்கே ரூ காய் என்ற தெருவில், ஒரு மளிகைக் கடையின் பின்னறையில். எண்பது வயதுக்காரர் தொபுக்கென்று விழுவதைப் பார்த்துக் கடைக்காரர் பதறிவிட்டார். “அண்ணை, விழுறதெண்டா அரிசி மூட்டைக்கு மேலை விழுங்கோ!”

பொன்னாடை

ஒரு சாமத்திய வீடு, பெண் பெரியவளான சடங்கு. அண்ணை விழுந்தார், நான் சால்வை போர்த்தினேன். சபை கைதட்டியது. நம்மவர்களுக்குச் சால்வை என்றால் கௌரவிப்பு அல்லவா? பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு வந்து, அதே சால்வையைக் கழற்றித் தன் கையால் மறுபடி போர்த்தினார். பெரியப்பா சும்மா இருப்பாரா? அறிவிப்பாளர் பெயர் பெயராகக் கூப்பிட, வரிசை வாசல் வரை போனது. பாட்டு அம்போ. அண்ணை எழும்பப் பார்த்தார், வீடியோக்காரர் விடவில்லை: “ஐயா, முழங்காலிலையே இருங்கோ, படத்துக்குள்ளை வடிவா வாறியள்!”

ஆர்ஜொந்தெய்

பரிசுக்குப் பக்கத்து ஊரான ஆர்ஜொந்தெய்யில் ஒரு கலியாணம், இதுதான் கடைசி மேடை என்று அண்ணை சொல்லிவிட்டார். இம்முறை ஒருவரும் மேடையேறக் கூடாது என்று அறிவிப்பாளரிடம் முன்கூட்டியே கெஞ்சி வைத்தோம். அண்ணை விழுந்தார், நான் போர்த்தினேன், அவர் உதறினார். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டைத் திறந்துவிட்டார்கள். மணமக்கள் உட்பட மண்டபமே எழும்பி ஓடியது.

அண்ணை நிறுத்தவில்லை. வெறும் கதிரைகளைப் பார்த்துக் கடைசி வரி வரை பாடினார். டிரம்ஸ் அடித்துக்கொண்டே அழுதேன், எனக்கு வெட்கமில்லை. முன்வரிசையில் மிஞ்சியிருந்தவர் அவருடைய மனைவி மட்டும். மேடைக்கு வந்து கைகொடுத்துத் தூக்கினார். “வீட்டிலை எத்தினை தரம் கேட்டனான், இண்டைக்குத்தான் நல்லாயிருந்தது. எழும்புங்கோ, ஆட்டுக்கறி முடியப்போகுது.”

ரசிகை ஒருவர் மிஞ்சினார், கறி மிஞ்சவில்லை என்பதுதான் எங்கள் இசைக்குழுவின் முழு வரலாறு.