நீல மீன் கிண்ணம்

ஜார்ஜ் டவுனில் பழங்காலச் சீனப் பொருள்களின் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். உள்ளே, அடியில் நீல மீன் வரைந்த ஒரு கிண்ணத்தின் முன் நின்றுவிட்டேன்.

எனக்கு ஆறு வயதில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிதான் என்னைப் பார்த்துக்கொண்டார். இப்படியொரு கிண்ணத்தில் இஞ்சி மணக்கும் கஞ்சி தருவார். அழுது அடம்பிடித்தால், "குடி லா, கீழே மீன் இருக்கு" என்று எங்கள் ஊர் 'லா' சேர்த்துச் சொல்வார். மீனைப் பார்ப்பதற்காகவே குடித்து முடிப்பேன்.

அம்மா குணமாகி வந்த அன்று, ஆன்ட்டியை விட்டு வரமாட்டேன் என்றேன். அம்மாவின் முகம் வாடியது. பிறகு என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "எனக்கும் கொஞ்சம் கஞ்சி கொடுங்கக்கா" என்றார்.

இருவருமே இன்று இல்லை.

"வாங்கம்மா, அப்பா அடுத்த ரூமுக்குப் போயிட்டாரு லா" என்று மகள் கூப்பிட்டாள்.

"நீ போம்மா, நான் கொஞ்சம் கழிச்சு வர்றேன்" என்றேன்.