கோட்டுக்கு அந்தாண்ட

எங்கள் மலைப் பள்ளியின் ரோபோ அணிக்கு எப்போதும் இரண்டு கேப்டன்கள். ஒரு பையன், ஒரு பெண். பேப்பரில் சமம்தான். போட்டியன்று ரிமோட் பையன் கையில் இருக்கும். பெண் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நடுவருக்கு வணக்கம் சொல்வாள்.

இந்த வருடம் பிள்ளைகளே அதை மாற்றினார்கள். ரிமோட் பிடிப்பவன் கண் ரோபோ வண்டியை விட்டு நகராது, அதனால் முடிவெடுப்பது வேறு ஆளாக இருக்கட்டும் என்று பேசி, என் மகளை ஒரே கேப்டனாக வைத்தார்கள்.

எனக்குப் பெருமை வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. தோற்றால் அத்தனை பழியும் அவள் தலையில் விழும். பெண் பிள்ளையை நம்பிக் கெட்டார்கள் என்று எங்கள் புதூர்நாடு மலை முழுக்கப் பேசும். இந்தப் போட்டியோடு கேப்டன் பொறுப்பை விட்டுவிடச் சொன்னேன். "பாக்கலாம்ப்பா" என்றாள்.

வேலூரில் போட்டி. முதல் ஓட்டத்திலேயே வண்டி திரும்பும்போது குப்புற விழுந்தது. எங்கள் பிள்ளைகள் பழகியது சாமை காயவைக்கும் சிமெண்ட் களத்தில். சிதறிக் கிடக்கும் மணிகளில் வழுக்காமலிருக்க, சக்கரங்களில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார்கள். இங்கே தரையில் மெத்தென்ற ரப்பர் விரிப்பு போட்டிருந்தார்கள். டியூப் அதைக் கவ்விக்கொண்டது.

அடுத்த ஓட்டத்துக்கு ஐந்து நிமிடம். டியூபை உரிக்கச் சொன்னாள் மகள். ரிமோட் பையன் ஒத்துக்கொள்ளவில்லை.

"உரிச்சா வழுக்கும். ஒரு மாசமா இதுலதான் ஓட்டிக்கினு கீறேன்."

"வழுக்கறதுக்கு இங்க சாமை எங்கடா கீது?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "அவன் சொல்றதக் கேளும்மா! ஓட்டறவனுக்குத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் திரும்பினாள். கோபமில்லை, அழுகையில்லை.

"ப்பா, கோட்டுக்கு அந்தாண்ட போ."

குனிந்து பார்த்தேன். பார்வையாளர்களுக்கென்று ஒட்டியிருந்த மஞ்சள் டேப்பைத் தாண்டி எப்போது உள்ளே வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பின்வாங்கினேன்.

அவள் பையனிடம் சொன்னாள்: "மறுபடியும் வுழுந்தா நான்தான் உரிக்கச் சொன்னேன்னு மிஸ் கிட்ட சொல்லிடு. இப்ப பிளேடு எடு."

"வுழுந்தா நீயே தூக்கிக்கினு மலை ஏறு."

"சரி, ஏறுறேன். எடு."

அவன் சிரித்துவிட்டான். ஆளுக்கு இரண்டு சக்கரமாக உரித்தார்கள்.

இருபத்தைந்து வருடமாக அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு காரியம் நடந்து முடிவதற்கு முன்பே "தப்பானால் நான்தான் பொறுப்பு" என்று ஒருமுறைகூட வாய்திறந்து சொன்னதில்லை. வீட்டில் பல்லியைப் பார்த்தால் கட்டிலில் ஏறி நிற்கிற பெண் அவள். அவள் சொல்லிவிட்டாள்.

வண்டி விழவில்லை. ஒரு சுற்று முழுசாகப் போய் வந்தது. ஆனால் முதல் ஓட்டத்தில் போன புள்ளிகள் போனவைதான், பரிசு இல்லை.

ஊர் திரும்பி ஜீப்பை விட்டு இறங்கியதும் டீக்கடைக்காரர் கேட்டார்: "இன்னாம்மா, ஒரு ஆம்பளப் பையன் கேப்டனா இருந்திருந்தா கப்போட வந்திருக்கலாமில்ல?"

நான் பயந்த நிமிடம் இதுதான்.

"தரை இன்னா தரைன்னு நான் முன்னாடியே கேக்கல மாமா. என் தப்புதான்" என்றாள். "அடுத்த வருசம் கேட்டுக்கினு போறேன்."

அவளுக்காக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளும் ரிமோட் பையனும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, சக்கரத்துக்கு இனி என்ன போடுவது என்று சண்டை பிடித்தபடி நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.