இறக்கத்தில் இறங்காதவன்

சைக்கிள் ஓட்டப் பழகியபோதே அதிலிருந்து இறங்கவும் பழகியவன் நான். எல்லோரும் அப்படித்தானே என்பீர்கள். இல்லை. மற்றவர்கள் வேண்டும்போது இறங்குவார்கள். நான் எங்கள் ஊர்த் தெரு வந்தால் இறங்க வேண்டும்.

எங்கள் ஊர் ஊத்துக்கோட்டைக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருக்கிறது. பெரியபாளையத்திலிருந்து வரும் சாலை ஓடையைத் தாண்டியதும் விறுவிறுவென்று மேலே ஏறும். அந்த மேடு முழுக்க ஊர்த் தெருதான். தெரு முடிந்த பிறகு, மேட்டின் உச்சியில், புளியமரத்துக்குப் பின்னால் எங்கள் சேரி. வெளியே போக வேறு வழி கிடையாது. சேரி ஆள் அந்தத் தெருவில் செருப்புப் போடக் கூடாது, துண்டைத் தோளில் போடக் கூடாது. சைக்கிள் என்று ஒன்று வந்ததும், அதில் உட்காரவும் கூடாது என்று சேர்த்துக்கொண்டார்கள். புதுச் சாமான் எது வந்தாலும் உடனே அதற்கும் ஒரு விதி கண்டுபிடிக்கிற சாமர்த்தியம் எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு இருந்தது.

ஏறும்போது எனக்கு வருத்தமில்லை. அந்த மேட்டில் ஊர் முன்சீப்பின் மகனே வந்தாலும் இறங்கித்தான் தள்ள வேண்டும். மேட்டுக்குச் சாதி தெரியாது. இறக்கத்தில்தான் எனக்கு வயிறு எரியும். காலையில் வேலைக்குப் போகும்போது ஏறி உட்கார்ந்தால் போதும், மிதிக்காமலே ஓடை வரைக்கும் வண்டி போய்விடும். நானோ இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மிரண்ட மாட்டைக் கயிற்றோடு இழுத்துப் பிடிக்கிறவன் மாதிரி, வெறுங்காலோடு பக்கத்தில் நடந்து இறங்குவேன். முன்சீப் மகன் மணியை அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போவான். வழியில் நான் மட்டும்தான் இருப்பேன், ஆனாலும் அடிப்பான்.

இத்தனைக்கும் என் பிழைப்பே சைக்கிள்தான். பெரியபாளையத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை சைக்கிள் கடை. பழவேற்காட்டிலிருந்து வந்து கடை வைத்த பாய் அதன் முதலாளி. பஞ்சர் ஒட்டுவேன், வீலுக்குக் கோட்டம் எடுப்பேன், ஆடி மாதக் கூட்டத்தில் மூச்சு விட நேரமிருக்காது. வீட்டுக்குப் போய்வர பாய் ஒரு வண்டி கொடுத்திருந்தார். முன்சீப் மகனின் வண்டிக்கு எண்ணெய் போட்டதும் இந்தக் கைதான்.

ஒரு பொங்கலுக்கு, பெரியபாளையத்து ரைஸ்மில்காரர் சைக்கிள் ரேஸ் வைத்தார். கோயில் வாசலில் புறப்பட்டு, எங்கள் ஊர் மேட்டு உச்சியில் இருக்கிற புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். முதலில் வருகிறவனுக்கு வெள்ளிக் கப். என்னைக் கேட்காமலே பாய் என் பெயரைக் கொடுத்துவிட்டார். தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்த சமயம் அது. முடியாது என்று வெளிப்படையாகச் சொல்ல ரேஸ் நடத்துகிறவர்களுக்கும் தைரியமில்லை. மில்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஓட்டு நைனா, யாரு வேணான்னாங்க? ஆனா உங்க ஊருத் தெருவுல மட்டும் எறங்கிடணும். முன்சீப் கண்டிசனா சொல்ட்டாரு."

"ரேஸுலகூடவா மொதலாளி?"

"ரேஸு ஒரு நாளு. ஊரு தெனம் இருக்குதே."

"சரிங்க, எறங்கறேன்" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேட்டுக்காரன் நான். வண்டியை விட்டு இறங்குவதும் இறக்கம்தான், வண்டியோடு இறங்குவதும் இறக்கம்தான். எது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அம்மாவுக்குத்தான் பயம். முன்சீப் கழனியில்தான் அவள் நடவும் அறுப்பும். "ரேஸுன்னு சொல்லிக்கினு பேஜாரு பண்ணி வெச்சிடாத. அவங்க கயனிய வுட்டா எனக்கு எங்கடா வேல?" என்றாள்.

ரேஸ் அன்று காலையில், கடைக்குப் பின்னால் உட்கார்ந்து, என் வண்டியின் பிரேக் கட்டைகளை எல்லாம் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிரேக் இல்லாத வண்டியை இறக்கத்தில் யார் நிறுத்த முடியும்? இதுதான் என் கணக்கு. பாய் வந்து குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"இன்னாடா, கட்டையக் காணோம்?"

"வெயிட்டு கொறையட்டும்னு, பாய்."

அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "உசுரோட வந்து சேரு. வண்டியும் சேரணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

போகிற வழியெல்லாம் கரும்பும் நெல்லும், வழி நெடுக ஜனம். ஊத்துக்கோட்டை தாண்டும்போது முன்னால் நாலைந்து பேர் இருந்தார்கள். எதிர்க்காற்று. குனிந்துகொண்டு மிதித்தேன். எங்கள் மேடு வந்ததும் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். எனக்குப் பக்கத்திலேயே முன்சீப் மகன் நாக்கு தள்ளத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனைப் பார்த்துச் சிரித்தேன். தினமும் தள்ளுகிறவனுக்கு மேடு ஒரு பொருட்டா? உச்சியில் புளியமரத்தை முதலில் சுற்றினவன் நான்தான்.

திரும்பினேன். கீழே தெரு முழுக்க நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள், பானையில் தண்ணீர், மோர். ஏறி உட்கார்ந்தேன். என் ஆயுளில் முதல் தடவை, அந்தத் தெருவின் தலைப்பில், சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். காலை ஊன்றி ஒரு உந்து உந்தினேன்.

"டேய், எறங்குடா!" என்று ஒரு குரல். பிறகு பல குரல். "எறங்குடா டேய்!"

"எறங்கிக்கினுதாங்க இருக்கேன்!" என்று கத்தினேன். காற்றில் சட்டை படபடவென்று அடித்தது. கோழிகள் சிதறின. யாரோ வீசிய கொம்பு முதுகுக்குப் பின்னால் விழுந்தது. தெரு இவ்வளவு சின்னதா என்று இருந்தது. நடக்கும்போது அது முடியவே முடியாது. ஓடை மணலில் சக்கரம் புதைந்து வேகம் குறைந்தபோது நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கோயில் வாசலுக்கு முதலில் வந்ததும் நான்தான். கைதட்டினார்கள், தோளில் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் முன்சீப் மகன் வந்து சேர்ந்தான். நேரே அப்பாவிடம் போய்க் காதில் சொன்னான். மேடையில் இருந்த முன்சீப் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

மில்காரர் கெட்டிக்காரர். என் வண்டியைப் பார்த்ததும் அவருக்கு வழி தெரிந்துவிட்டது. "இந்தா பாருங்க, பிரேக் கட்டையே இல்ல. எங்கியோ வுழுந்துட்ச்சி. பையன் இன்னா பண்ணுவான்? பாயி கட வண்டி லட்சணம் அப்டி. தெரியாம நடந்துபோச்சி, வுடுங்க." என்னிடம் திரும்பி, "தெரியாம நடந்துபோச்சின்னு ஐயா கையில ஒரு வார்த்த சொல்லிட்டு கப்ப எடுத்துக்கோ" என்றார்.

என் கணக்கு அப்படியே பலித்துவிட்டது. இதற்காகத்தானே கட்டையைக் கழற்றினேன். ஒரு வார்த்தை சொன்னால் கப்பும் என்னுடையது, அம்மாவின் வேலையும் போகாது. வாயைத் திறந்தேன். அந்தத் 'தெரியாம' மட்டும் வரவில்லை. தெரியாமலா? எத்தனை வருஷமாக அந்த இறக்கத்தைத் தெரிந்து வைத்திருக்கிறேன்! கூட்டத்தில் பாய் நின்றிருந்தார். நிஜம் தெரிந்தும், எனக்காக அந்த 'லட்சணம்' என்ற சொல்லை வாங்கிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பையில் கைவிட்டு, கட்டைகளை எடுத்து, கப்புக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தேன்.

"வுழல மொதலாளி. நான்தான் கயட்டினேன். பாய் வண்டி மேல ஒரு கொறையும் இல்ல. தெரிஞ்சேதான் போனேன். நான் எறங்கல."

கப்பை இரண்டாவதாக வந்த ஊத்துக்கோட்டைப் பையனுக்குக் கொடுத்தார்கள். அது வெள்ளியே இல்லை, பித்தளைக்கு மேல் பூச்சு என்று பாய் எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறுதல் தேவைப்படவில்லை. ஆனால் நான் வீட்டுக்குப் போவதற்குள், இனி கழனிப் பக்கம் வர வேண்டாம் என்று முன்சீப் வீட்டு ஆள் வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் என்னைத் திட்டித் தீர்த்தாள். வாங்கிக்கொண்டேன். அவள் சொன்னது எதுவும் தப்பில்லை.

மறுநாள் காலையில், மேஜையிலிருந்து திரும்ப எடுத்து வந்திருந்த பிரேக் கட்டைகளை மாட்டினேன். புளியமரம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், பழக்க தோஷத்தில் அப்படியே தெருவில் கால் வைத்தேன். பின்னாலிருந்து அம்மா கேட்டாள்.

"வேலதான் பூட்ச்சே. இன்னும் இன்னாத்துக்குடா எறங்கி நடக்கற?"

ஏறி உட்கார்ந்தேன். இந்தத் தடவை வேகம் வேண்டாம் என்று பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே, நடக்கிற ஆள் கூடவே வரலாம் என்கிற மாதிரி, மெதுவாகப் போனேன். மணியும் அடித்தேன். முன்சீப் வேப்பங்குச்சியோடு வாசலில் நின்றிருந்தார்.

"டேய், இன்னிக்கி பிரேக்கு இருக்குதில்ல?"

"இருக்குதுங்க" என்று சொல்லி, அவர் வாசலுக்கு நேராகவே அழுத்திக் காட்டினேன். வண்டி நின்றது. நான் இறங்கவில்லை.