தொப்பி விளக்கும் சாமி விளக்கும்

ஸ்கூட்டி விபத்துக்குப் பிறகு அக்காவுக்கு இரண்டு கையும் எழும்பவில்லை. அவள் புருஷன், என் மாமாவுக்குப் பிரான்சில் ஓட்டல் வேலை. ஞாயிறு சாயங்காலம் கம்ப்யூட்டரில் சாட்டுக்கு வருவார். அக்கா சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். தங்கச்சியை நடுவில் வைத்துக்கொண்டு ஒருத்தி புருஷனிடம் என்னத்தைப் பேசுவாள்? "சாப்டீங்களா, அங்க குளிரா?" அவ்வளவுதான். போனை ஸ்பீக்கரில் போட்டாலோ முத்தியால்பேட்டையில் பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்து கேட்பாள்.

"அவருகிட்ட ஒரு வார்த்தையாவது நானே சொல்லணும்டி," என்றாள் ஒருநாள்.

நான் அப்போது இன்ஜினியரிங் மாணவி. வீடியோ கேம் ரிமோட்டின் மூக்கில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கும் கேமரா ஒன்று உண்டு, அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கலாம் என்று இன்டர்நெட்டில் படித்திருந்தேன். மாமாவிடம் கேட்டதும், ஊருக்கு வந்தவர் கையில் பழைய ரிமோட் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். செத்துப்போன டிவி ரிமோட்டிலிருந்து அந்த ஒளியை விடும் குட்டி பல்பைக் கழற்றி, ஒரு பேட்டரியோடு அக்காவின் தொப்பியில் தைத்தேன். கேம் ரிமோட்டைத் திரைக்கு மேல் அவளைப் பார்த்தபடி வைத்தேன். தலை திரும்பும் பக்கம் திரையில் அம்பு நகரும். திரையிலேயே திறந்து வைத்த எழுத்துப் பலகையில் ஓர் எழுத்தின் மேல் அது சற்று நின்றால் அந்த எழுத்து விழும். பகலெல்லாம் அருமையாக வேலை செய்தது.

ஞாயிறு சாயங்காலம் மாமா வந்தார். அக்கா முதல் எழுத்துக்குப் போவதற்குள் அம்பு பிய்த்துக்கொண்டு மூலைக்கு ஓடியது. இழுத்தாள், மறுபடி ஓடியது.

"சனியனே, நில்லு!" அக்காவின் கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் ரிமோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். அப்போதுதான் அவள் முதுகுக்குப் பின்னால், சாமி மாடத்தில், அம்மா ஏற்றிய விளக்கைப் பார்த்தேன். தீபத்திலும் அதே ஒளி உண்டே! ரிமோட்டுக்குச் சாமியும் ஒன்று, அக்காவும் ஒன்று.

"அம்மா, வெளக்க கொஞ்சம் அணச்சிடும்மா."

"வெளக்கு வெச்ச நேரத்துல பேசுற பேச்சா இது? வாயில அடி! அணைக்க மாட்டேன். மேசையத் திருப்பு, வா, ஒரு கை புடி."

மேசையையும் நாற்காலியையும் திருப்பிப் போட்டோம். விளக்கு இப்போது ரிமோட்டுக்குப் பின்னால் போய்விட்டது. அம்பு அக்காவின் பேச்சைக் கேட்டது.

"ரெண்டு பேரும் வெளிய போங்க," என்றாள் அக்கா.

கதவைச் சாத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தோம். உள்ளே சத்தமே இல்லை. பிறகு அக்கா சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்டதே இல்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அக்கா கூப்பிட்டதும் உள்ளே ஓடினேன். திரையில் ஒரு வரிகூட இல்லை, எல்லாவற்றையும் அழித்திருந்தாள்.

"என்னக்கா எழுதுன?"

"புருஷன் பொண்டாட்டி பேசுனது உனக்கு எதுக்குடி? போய் வேலையப் பாரு."

என் வயிறு குளிர்ந்தது. சந்தோஷமாகப் போய் வேலையைப் பார்த்தேன்.