கைப்பேச்சைப் பிடித்துவைக்க ஒரு டிரைவ்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை, முந்தாநாள் நடந்ததே மறந்துபோகிறது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளின் தொழிலில் இருக்கிறவர்கள் எந்த டிரைவ் வாங்கலாம் என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். “கூட இருந்து பாத்தது நீதானே, நீயே எழுதும்மா” என்று சொல்லிவிட்டாள்.

மகள் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். கல்யாணம், நிச்சயதார்த்தம், வளைகாப்பு என்று வீடியோ எடுக்கிற வேலை. நான் மத்தியானச் சோறு எடுத்துக்கொண்டு போனால் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். ஆள் வந்தால் திரைக்குப் பின்னால் போய்விடுவேன். எனக்குப் புது ஆட்களிடம் பேசக் கூச்சம்.

அவள் போனில் யாரிடமோ “எஸ்எஸ்டி, எஸ்எஸ்டி” என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு எஸ்டிடி என்றுதான் காதில் விழும். செல்போன் வந்த பிறகும் எதற்கு எஸ்டிடி என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். சிரித்துவிட்டு, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு தகட்டுப் பெட்டியைக் காட்டினாள். கேமராவோடு ஒரு ஒயரால் அதைச் சேர்த்துவிட்டால் படமெல்லாம் அதற்குள் போய்விடுமாம், அதுதான் டிரைவ்.

“ரா வீடியோங்கறியே, ராத்திரில எடுக்கறதா?”

“இல்லம்மா. தேவனாம்பட்டினத்துல படகுலேர்ந்து எறக்குன மீன அப்படியே வாங்கியாந்தா எப்படி? செதில் எடுக்கல, அறுக்கல. கொழம்பும் வெக்கலாம், வறுக்கவும் வறுக்கலாம். அது மாதிரி. மண்டபத்துல ஒரு பக்கம் மஞ்ச லைட்டு, ஒரு பக்கம் வெள்ள லைட்டு, எல்லாத்தையும் அப்புறம் சரி பண்ணிக்கலாம். ஆனா முழுசா அள்ளியாரணும்னா கூடை பெருசா இருக்கணும், அள்ளுற கையும் நிக்கக் கூடாது.”

அந்தக் கை ஒருதரம் நின்றுபோனதால் வந்ததுதான் இவ்வளவும்.

சிதம்பரத்துப் பெண் ஒருத்திக்கும் கடலூர்ப் பையனுக்கும் இங்கே ஒரு மண்டபத்தில் நிச்சயம் நடந்தது. பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது, வாய்ப்பேச்சும் இல்லை. கையால்தான் பேசுவாள். அப்பா வெளிநாட்டில், கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற இடத்தில் வேலை. லீவு கிடைக்கவில்லை. வீடியோ கால் போட்டால் அங்கே விட்டு விட்டுத்தான் வருமாம். அதனால் எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண் கேமரா முன்னால் நின்று அப்பாவுக்குக் கையால் நாலு வார்த்தை சொன்னாள். மகள் அதை மட்டும் தனியாக எடுத்து மறுநாளே அவருக்கு அனுப்பிவைத்தாள்.

பத்து நாள் கழித்துப் பெண்ணின் அத்தை, அந்த அப்பாவின் தங்கை, ஸ்டுடியோவுக்கு வந்தார். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன்.

“என்னம்மா படம் எடுத்த நீ? எங்க அண்ணன் ஒரு வாரமா பொண்ணுகிட்ட சரியாவே பேசல. ‘அப்பா நீ வரல, எனக்குக் கோவம்’னு புள்ள சொல்லிட்டாளாம்.”

“அப்படியா சொன்னாங்க? எனக்கு அந்தக் கைப்பேச்சு தெரியாதேக்கா.”

“‘கோவம் இல்ல’ன்னு சொன்னா. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அந்த ‘இல்ல’ எங்க போச்சு?”

மகள் வீடியோவைப் போட்டாள். நானும் திரையை விலக்கிப் பார்த்தேன். பெண் விரல் மடக்கிய கை முட்டியை நெஞ்சிலிருந்து மேலே எழுப்புகிறாள், அதுதான் கோவம் என்று அத்தை காட்டினார். அதற்குப் பிறகு உள்ளங்கையை விரித்து ஆட்டினால் இல்லை என்று அர்த்தம். படத்தில் முட்டி எழும்பியது, பிறகு ஒரு சின்னத் துள்ளல், கை அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டிருந்தது. நாமாக இருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம்.

“டிரைவ் தெணறியிருக்கு. வாங்கிக்க முடியாம நடுவுல கொஞ்சத்த விட்டுடிச்சி” என்றாள் மகள். அவள் முகம் செத்துவிட்டது.

“போன்ல எழுதி அனுப்பிச் சொல்லலாமே?” என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். “அனுப்பாம இருப்பாளாம்மா? ‘ஒன் கோவம் ஞாயம்தாம்மா’ன்னு பதில் வருது. சின்னதுலேர்ந்து அவுங்க ரெண்டு பேரும் சேந்து உண்டாக்குன கைப்பேச்சு அது. எழுத்துன்னா அரிசி வாங்கு, பருப்பு வாங்குன்னு சொல்றதுக்கு. கையால சொன்னாத்தான் அவருக்கு நெசம். எழுத்துல சும்மா சமாதானம் பண்றாள்னு நெனச்சிக்கிட்டாரு. நான் சொன்னாலும் கேக்கல.”

கல்யாணம் சிதம்பரத்தில். அதற்கும் அவருக்கு லீவு இல்லை. “போன்ல எடுத்தெல்லாம் அனுப்ப வேணாம். கல்யாணத்தன்னிக்கு நானே மறுபடி கையால சொல்லிக்கறேன், முழுசா எடுத்துக் குடுங்க” என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பியிருந்தாள். வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை பாருங்கள். அதுதான் என் மகளை அதிகமாக உறுத்தியது.

டிரைவ் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் பளபள என்று ஒன்றை எடுத்து வைத்தார்.

“மேடம், இது ராக்கெட்டு.”

“ராக்கெட்டு ஏறுறது தெரியுதுண்ணே. எவ்ளோ நேரம் பறக்கும்னு சொல்லுங்க.”

“அது அட்டைல போடலயே மேடம்.”

“அட்டைல போடாததத்தான் நான் கேக்க வந்தேன்.”

எனக்கு விளங்கவில்லை. வரும் வழியில் சொன்னாள். கல்யாணப் பந்தி மாதிரியாம். முதல் பந்திக்குக் கதவைத் திறந்ததும் எல்லாரும் சரசரவென்று உட்கார்ந்துவிடுவார்கள். அட்டையில் போடுகிற வேகம் அதுதான். அந்தப் பந்தி எழுந்து, இலை எடுத்து, மேசை துடைத்தால்தான் அடுத்த கூட்டம் உள்ளே போகலாம். சில டிரைவில் முதல் பந்தி மட்டும் படுவேகம், அப்புறம் வாசலில் கூட்டம் முட்டிக்கொண்டு நிற்கும். கேமராவால் காத்திருக்க முடியாது, வந்ததைக் கீழே போட்டுவிடும். நமக்கு வேண்டியது கடைசிப் பந்தி வரைக்கும் ஒரே மாதிரி நடக்கிற டிரைவ். சூடு ஏறினாலும் சிலது மெதுவாகிவிடுமாம்.

சோதித்துப் பார்க்கலாம் என்று அந்தப் பளபள டிரைவை அன்றைக்கே வாங்கியிருந்தாள். புதுச்சேரியில் இருக்கிற சிநேகிதியிடம் கொஞ்சம் தடிமனாக ஒன்று இருந்தது, அதையும் கேட்டு வாங்கிவந்தாள். மண்டபத்துச் சூடு ஏறட்டும் என்று ஸ்டுடியோ சன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, விளக்கெல்லாம் போட்டுவிட்டு என்னைக் கேமரா முன்னால் உட்காரச் சொன்னாள்.

“மூஞ்சி வேணாம்டி.”

“கை மட்டும்தாம்மா. அந்தப் பொண்ணு கையத்தானே எடுக்கப்போறோம்.”

சின்ன வெங்காயம் உரித்தேன். டிரைவ் நிரம்புகிறவரைக்கும் உரிக்க வேண்டும். பளபளப்பு பாதிவரைக்கும் நன்றாகத்தான் போனது. அப்புறம் கேமராவில் சிவப்பு எழுத்து வந்தது. “முட்டிக்கிச்சி” என்று சொல்லி நிறுத்திவிட்டாள். போட்டுப் பார்த்தால் தோலோடு இருந்த வெங்காயம் சட்டென்று உரித்த வெங்காயமாகிறது. நான் மந்திரம் போட்ட மாதிரி இருந்தது.

தடிமன் டிரைவ் முதலில் நிரம்பும் வரைக்கும் நிற்கவே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எடுத்தபோது நடுவில் நின்றது. மகள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு பார்த்தால் என் முழங்கால் மேசையில் இடித்ததில் ஒயர் தளர்ந்திருந்தது. அதிலிருந்து ஒயரை இறுக்கிக் கட்டி வைப்பதையும் ஒரு வேலையாகச் சேர்த்துக்கொண்டாள். மறுபடி நிரப்பினாள். எடுத்ததை ஆரம்பத்திலிருந்து கடைசிவரைக்கும் ஓட்டிப் பார்த்தாள். டிரைவைத் துடைத்து அழிப்பதைக் கம்ப்யூட்டரில் செய்யாமல் அந்தக் கேமராவிலேயே செய்தாள். இத்தனைக்குப் பிறகு அதையே சிநேகிதியிடம் விலைக்கு வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் தினமும் வெங்காய சாம்பார். மருமகன் தட்டைப் பார்த்துவிட்டு, “அத்த, அடுத்த டெஸ்ட்டுக்கு எறா உரிங்க” என்றார்.

கல்யாணத்தன்று சிதம்பரத்தில் வெக்கை தாங்கவில்லை. மேடை விளக்கு வேறு. மகள் என்னைக் கேமராவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு விசிறியைக் கொடுத்தாள். “டிரைவுக்கு வீசும்மா. தேவப்படாம இருக்கலாம், ஆனா எனக்கு மனசு கேக்கல.” அத்தனை ஜனம் முன்னால் நான் தலையைக் குனிந்துகொண்டு வீசினேன்.

மாப்பிள்ளையின் தோழன் ஒருவன் பார்த்துவிட்டான். “ஆயா, மாப்ள இங்க வேர்த்து ஊத்துறான். நீங்க டப்பாவுக்கு வீசிக்கினு இருக்கீங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் வீசுவதை நிறுத்தவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் பெண் கேமரா முன்னால் வந்து நின்றாள். மருதாணிக் கை. நான் அவளைப் பார்க்கவில்லை, சிவப்பு எழுத்து வருகிறதா என்று கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பக்கத்தில் பெண்ணின் அத்தை மட்டும் “அய்யோ” என்று மெதுவாகச் சொன்னது கேட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அறையில் உட்கார்ந்து மகள் அதை ஓட்டினாள். அத்தை வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். ஒரு துள்ளலும் இல்லை.

“‘அப்பா, அன்னிக்கு கோவம் இல்லன்னுதான் சொன்னேன்.’ அது வந்துடிச்சி. அப்புறம், ‘இன்னிக்கு கோவம் இருக்குது. தாலி கட்டறப்ப ஒன்னத் தேடுனேன்’ங்கறா.” அத்தை மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “இத வெட்டிடும்மா. எங்க அண்ணன் தாங்காது.”

மகள் எழுந்துபோய்ப் பெண்ணையே கூட்டிவந்தாள். அத்தை கையால் கேட்டார். பெண் உள்ளங்கையை விரித்து ஆட்டினாள். அது எனக்கே புரிந்தது. இன்னும் ஏதோ சொன்னாள்.

“‘ஒருவாட்டி வெட்டுனது போதும்’ங்கறா” என்றார் அத்தை.

முழுசாகவே அனுப்பினோம். அதற்கப்புறம் ஒரு மத்தியானம் மகள் கீழே போயிருந்தபோது ஸ்டுடியோ போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது, எடுத்துவிட்டேன். அந்த அப்பாதான்.

“அம்மா, படம் பாத்தேம்மா. ஒரு வெரல் கூட வுட்டுப்போவல.”

“ம்.”

“கோவமா இருக்காம்மா எம்பொண்ணு.” சிரிப்பது போலத்தான் ஆரம்பித்தார். “கோவம் இல்லன்னு சொன்னவகிட்டேர்ந்து, கோவம் இருக்குதுன்னு நெனச்சி ஒதுங்கிப் போய்ட்டேன். இப்ப நெசமாவே கோவமா இருக்கா, ஒடனே பாக்கணும் போல இருக்குது. லீவு கேட்டிருக்கேன். இந்தவாட்டி தரலன்னா வேலய வுட்டுட்டு வந்துடுவேன்.”

“சாப்டீங்களா?” என்று கேட்டேன்.

“சாப்டேம்மா” என்றார்.

டிரைவ் விஷயத்தில் நான் எழுதியதில் எது முன்னே எது பின்னே என்று குழம்பியிருக்கலாம். இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது படித்துச் சரிபார்த்துக் கொடுங்கள். சூட்டில் மெதுவாகிறது என்பதை நான் சரியாகத்தான் சொன்னேனா, அதை முக்கியமாகப் பாருங்கள். கைப்பேச்சைப் பற்றி எழுதியதை அந்த அத்தையிடம் ஒருதரம் காட்டிவிடுங்கள். கோவத்துக்கு முட்டி நெஞ்சிலிருந்துதான் எழும்புமா, வயிற்றிலிருந்தா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அது தப்பாகப் போய்விடக் கூடாது.