திரும்பும் தேதி

என் கணவர் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்கிறவர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அதை எழுதியவன் கப்பல் ஏறியே இருக்க மாட்டான் என்பது என் எண்ணம். மாற்றாள் வந்து ஏறினால்தான் இவர் இறங்க முடியும். மாற்றாள் எந்தத் துறைமுகத்தில் ஏறுவான் என்பது சரக்கு எங்கே இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. அதையோ, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்து முடிவு செய்கிறார். கல்யாணமாகி எட்டு வருடமாகியும் இதற்கு நான் பழகவில்லை. பழகிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் பெண்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

போன முறை அவர் கிளம்பிப் போன வாரத்தில்தான் எனக்கு அந்த வேலை வந்தது. தூத்துக்குடி கடற்கரைச் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு டிராவல்ஸ் கடை. கப்பலுக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் போடுவதுதான் அங்கே முக்கிய வேலை. சென்னைக்கு ரயில், அங்கிருந்து கப்பல் நிற்கும் ஊருக்கு விமானம். எல்லாவற்றையும் நீளமான ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பு நான் சென்னையில் ஒரு கம்பெனியில் ஜாவா நிரல் எழுதிக்கொண்டிருந்தவள் என்று கடைக்கார அண்ணாச்சிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூப்பிட்டு அனுப்பி, "இந்த நோட்ட அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தித் தாம்மா" என்றார்.

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைய உட்கார்ந்தேன். ஜாவாவில் ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பயணி ஒரு கட்டம், முன்பதிவு ஒரு கட்டம், பயணம் ஒரு கட்டம். பயணத்துக்குப் பிள்ளைகளாக ரயில், பஸ், விமானம். தாய்க்கு இருப்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடும். கிளம்பும் ஊர், சேரும் ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை. ரயிலுக்குப் பெட்டி எண், விமானத்துக்கு எத்தனை கிலோ மூட்டை என்று அதனதன் சொந்த விஷயத்தை மட்டும் சேர்த்தால் போதும். எத்தனையோ நாள் கழித்து என் மூளை எனக்கே பிடித்திருந்தது. வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருப்பதில்லை. அந்தத் தாளில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

ஒரு பயணத்தைப் புதிதாகப் பதியும்போது எதையெல்லாம் கட்டாயம் தர வேண்டும் என்று ஒரு விதி எழுதுவோம். ஒன்று குறைந்தாலும் ஜாவா பதிய மாட்டேன் என்று சண்டித்தனம் செய்யும். நான் எழுதிய விதியில் கிளம்பும் தேதியும் கட்டாயம், திரும்பும் தேதியும் கட்டாயம்.

அண்ணாச்சி திரையைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டார். "கப்பக்காரனுக்கு நாம போடுதது ஒத்தப் பக்க டிக்கெட்டுல்லா? திரும்பி வாரதுக்குக் கம்பெனிக்காரன் அங்கன இருந்து போட்டுக்கிடுவான். இந்தத் தேதி எதுக்கும்மா?"

"உத்தேசமா ஒண்ணு இருக்கட்டும் அண்ணாச்சி."

"உத்தேசத்த வச்சு என்ன செய்ய?"

"முந்தின நாள் வீட்டுக்குத் தானா ஒரு மெசேஜ் போவும். கூட்டிட்டு வர நம்மகிட்டயே கார் கேப்பாக."

கார் என்றதும் அவர் அடங்கிவிட்டார். அந்தக் கார் அந்த நிமிடத்தில் நான் கட்டிவிட்ட கதை. நிரல் ஓடுகிறதா என்று பார்க்க முதன்முதலில் நான் பதிந்தது என் கணவருடைய பயணத்தைத்தான். அவர் பெயருக்கு நேரே கிளம்பிய தேதி மட்டும் தனியாக நின்றது. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் இன்னொரு தேதியைக் கட்டாயமாக்கினேன். நல்ல வடிவமைப்பு அது இதென்று அன்று எனக்கே நான் விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஆசைக்கு அறிவு வக்காலத்து வாங்கியது, அவ்வளவுதான்.

மெசேஜையும் நான்தான் எழுதினேன். "உங்கள் வீட்டார் நாளை ஊர் திரும்புகிறார்." இந்த நான்கைந்து வார்த்தைக்கு ஒரு காலை முழுவதும் பிடித்தது.

எங்கள் கடற்கரைப் பக்கத்தில் ஒரு பேச்சு வழக்கம் உண்டு. கப்பலுக்குப் போனவர் எப்போது வருவார் என்று யார் கேட்டாலும், எந்த மாதத்தில் கேட்டாலும், "கொடியேத்துக்கு வந்துருவாக" என்போம். ஆடி மாதம் மாதா கோவில் திருவிழாவுக்குக் கொடியேறும் நாளைத்தான் சொல்கிறோம். கேட்டவரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போவார். இதை யாரும் தேதியாக எடுத்துக்கொள்வதில்லை. வேண்டுதலுக்கும் பதிலுக்கும் நடுவில் உள்ள ஒரு பேச்சு அது. பிறந்ததிலிருந்து கேட்டும் சொல்லியும் வளர்ந்த எனக்கு, நிரல் எழுதும்போது இது நினைவுக்கே வரவில்லை.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலை, என் போனை நோண்டிக்கொண்டிருந்த மகள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆறு வயது, அப்போதுதான் தமிழ் வாசிக்க வந்திருந்தது. "உங்கள்... வீட்டார்... நாளை..." முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. "எம்மா, அப்பா நாளைக்கு வாராக!"

இரண்டு நாளைக்கு முன்தான் அவர் பேசியிருந்தார். கப்பல் பிரேசில் பக்கம் நங்கூரம் போட்டு, துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நிற்கிறது என்றார். எனக்குத் தெரியும். அந்த வாக்கியம் என்னுடையது என்பதும் தெரியும். ஆனாலும் திடீரென்று இறக்கிவிட்டிருக்கலாம், சொல்லாமல் வந்து நிற்க நினைத்திருக்கலாம், கம்பெனி கடைக்குச் சொல்லி அங்கே யாராவது சரியான தேதியைப் போட்டிருக்கலாம் என்று நினைத்தேன். லேப்டாப்பைத் திறந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். திறக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு சீலா மீன் வாங்கப் போனேன். வந்து படுக்கை விரிப்பை மாற்றினேன். மகள் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தாள். அந்த இரண்டு மணி நேரம் நான் இருந்ததுபோல் சந்தோஷமாகச் சமீபத்தில் இருந்ததில்லை.

பிறகு அண்ணாச்சி போன் செய்தார். "தாயி, கடையில ஒரே கூட்டமா கெடக்கு. எல்லாரு வீட்டுக்காரரும் நாளைக்கே வாராகளாம். என்ன செஞ்சு வச்சிருக்க?"

போய்ப் பார்த்தேன். முப்பதுக்கு மேற்பட்ட பயணங்களில் திரும்பும் தேதி ஒன்றேதான். கவுண்டரில் டிக்கெட் பதிகிற பெண் அழாத குறையாகச் சொன்னாள்: "நான் என்னக்கா செய்ய? தேதி போடாம கம்ப்யூட்டரு உள்ள விட மாட்டேங்கு. எப்ப வருவாகன்னு கேட்டா எல்லாரும் கொடியேத்துக்குன்னுதான் சொல்லுதாக. நானும் அதையே போட்டேன்."

அவளைக் கோபிக்க எனக்கு வாயில்லை. பட்டியலில் முதலாவதாக இருந்தது என் கணவர் பெயர். அவருக்குத் தேதி போட்டது அவள் இல்லை. யாரும் கேட்காமலேயே, என்னை அறியாமலேயே, நானே அதே நாளைத் தட்டிவைத்திருந்தேன்.

கூட்டத்தில் ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றாள். "எந்த ஃபிளைட்டுல வாராகக்கா? அவுக இன்னும் பிள்ளையப் பாக்கல. நேரா ஏர்போர்ட்டுக்கே தூக்கிட்டுப் போயிரலாம்னு..."

தவறுதலாகப் போன மெசேஜ் என்று சொன்னேன். 

"ஆரு அனுப்புனா?"

"தானா போற மாதிரி நான்தான் எழுதி வச்சேன். எங்க வீட்டுக்கும் வந்துச்சு."

"நீங்களுமா நம்பிட்டிய?"

"மீன் வாங்கிட்டேன்."

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அண்ணாச்சி மற்றவர்களுக்கு விவரம் சொல்லி அனுப்பத் தொடங்கினார். ஒத்தப் பக்க டிக்கெட் என்று முதல் நாளே சொன்ன மனிதர் அவர்.

மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து விதியை மாற்றினேன். திரும்பும் தேதி இனி கட்டாயம் இல்லை. கம்பெனியிலிருந்து கடிதம் வந்த பிறகு போட்டால் போதும், அதுவரை காலியாக இருக்கலாம். வேலையென்று பார்த்தால் நான்கு வரிதான். அதன் பிறகு ஒவ்வொரு பெயராகத் திறந்து கொடியேற்ற நாளை அழித்துக்கொண்டே வந்தேன். முதல் பெயரைக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். அது மட்டும் மிச்சம் இருந்தபோது போன் அடித்தது. அவர்தான்.

எனக்கு முந்தி மகள் எடுத்துவிட்டாள். "அப்பா, நாளைக்குத்தான வாரிய?"

அவள் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"ஏளா, பிள்ளைட்ட என்ன சொல்லி வச்சிருக்க?"

நடந்ததை எல்லாம் சொன்னேன், மீன் வாங்கியது உட்பட. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இங்கன இன்னும் ரெண்டு மாசம் நீட்டிட்டானுவ. புரட்டாசி கடைசிக்குள்ள எப்படியும்..." என்று ஆரம்பித்தார்.

"தேதி சொல்லாதிய" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. மகள் திரும்பிப் பார்த்தாள். "புரட்டாசியும் வேண்டாம், ஐப்பசியும் வேண்டாம். கப்பல விட்டு எறங்கி, சென்னைக்கு வந்து, ரயிலேறி, மணியாச்சி ஜங்ஷன் தாண்டினதுக்கு அப்புறம் சொல்லுங்க. அதுவரைக்கும் ஒண்ணும் சொல்லாதிய."

"சரிளா" என்றார்.

போனைக் காதில் இடுக்கிக்கொண்டே அவர் பெயரைத் திறந்தேன். இருந்த தேதியை அழித்துவிட்டுச் சேமித்தேன். நீங்கள் இல்லாமல் என்னால் முடியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லைன் போய்விட்டது.