கடலம்மா வேடம் போட்டவள்

தொழிற்சங்க அலுவலகத்துப் பெண் காமினி தொலைபேசியில் சொன்னதைக் கேட்டதும் ஹாஜராவுக்குப் போனை வைத்துவிடலாமா என்று இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் துறைமுகத் தொழிலாளர்கள் போட்ட ‘கடலம்மா’ பாட்டு நாடகத்தின் வீடியோ நாடா கிடைத்திருக்கிறதாம். நடித்தவர்களில் மிச்சம் இருப்பவர்களைக் கூப்பிட்டு, சனிக்கிழமை அதைத் திரையிடப் போகிறார்களாம்.

“நீங்கதானே ஆண்ட்டி கடலம்மா. கண்டிப்பா வரணும்லா.”

அன்று ஹாஜராவுக்கு இருபது வயது. துறைமுகக் கூலியின் மகள், நல்ல குரல். அம்மன் வேடம் போடுபவள் விரதம் இருக்க வேண்டும் என்றார்கள், இருந்தாள். கடைசிப் பாட்டில் ஊர்ப் பெண்கள் மேடையேறி, அவள் நடிகை என்பதையே மறந்து காலில் விழுவார்கள். கடைசி நாளன்று அப்படி விழுந்தவள் நல்லம்மாள், விளக்குப் போடும் தயாளனின் மனைவி. அவள் எழுவதற்குள் மேலேயிருந்த விளக்குக் கம்பம் மேடையோரம் நின்ற தயாளன் தலையில் விழுந்தது. அங்கேயே உயிர் போய்விட்டது.

முஸ்லிம் பெண் சாமி வேடம் போட்டதால் வந்த வினை என்றார்கள் ஒரு பக்கம். சாமி வேடம் போட்டதே பாவம் என்றார்கள் மறுபக்கம். வேறு எதிலும் ஒத்துப்போகாத இரு தரப்புப் பெரிய மனிதர்களும் ஓர் ஏழைப் பெண்ணைப் பழிப்பதில் மட்டும் கைகோத்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் நல்லம்மாளும் அவளையே கைகாட்டினாள். நிச்சயித்த கல்யாணம் நின்றது. தொழிற்சாலை வேலை, துறைமுகத்தை விட்டுத் தள்ளி ஆயர் ஈத்தாமில் ஒற்றை அறை வீடு என்று காலம் ஓடியது. கொடுமை என்னவென்றால், கேட்டுக் கேட்டு அவளே அதை நம்பிவிட்டாள். குளிக்கும்போதுகூடப் பாட வாய் திறப்பதில்லை. திறந்தால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

சனிக்கிழமை போகக் கூடாது என்றுதான் இருந்தாள். போகாவிட்டால் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கதவோரம், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன்வரிசையில் மாலையோடு சந்திரசேகரன். நாடகத்தை எழுதி நடத்தியவர், அன்றே துறைமுகத்தில் பெரிய கை. மூன்றாம் வரிசையில் நரைத்த தலையோடு நல்லம்மாள்.

படம் ஓடியது. முதல் காட்சியிலேயே, ஹாஜரா மேடைக்கு வருவதற்கு வெகுமுன்பே, விளக்குக் கம்பம் தெரிந்தது. ஒரு முனையில் இரும்புச் சங்கிலி, மறுமுனையில் பொட்டலம் கட்டும் சிவப்பு பிளாஸ்டிக் ராஃபியா கயிறு. ஒவ்வொரு பாட்டுக்கும் அது ஆடியது. கூட்டம் முணுமுணுத்தது. ஹாஜராவின் பயம் குறையவில்லை, கூடியது. இனி சும்மா இருக்க முடியாதே.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் சந்திரசேகரன் மைக்கை வாங்கினார். வேடம் போடுகிறவர்கள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே சொன்னதாகவும், அம்மன் விட்டுவைக்கவில்லை என்றும் பேசினார். கயிற்றைத் தங்கள் கண்ணாலேயே பார்த்த பாதிப் பேர் தலையாட்டினார்கள். கண் பார்த்ததை மூளைக்குப் போகவிடாமல் தடுக்கும் கலையில் நாம் தேர்ந்தவர்கள்.

ஹாஜரா எழுந்தாள். முன்னிருந்த நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, வெளக்க ராஃபியா கயித்துல கட்டச் சொன்னது யாரு?”

“அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? பழைய கதை.”

“பழைய கதையத்தானே பாக்க வந்தோம்.”

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். நல்லம்மாள் எழுந்து திரும்பினாள். எல்லார் முன்னாலும் மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்றே ஹாஜரா நினைத்தாள்.

நல்லம்மாளோ சந்திரசேகரன் பக்கம் கை நீட்டினாள். “எங்க வீட்டுக்காரரு சங்கிலி கேட்டாரு. நாடகம் முடியட்டும், பாத்துக்கலாம்னு இவருதான் சொன்னாரு.”

சந்திரசேகரன் கையிலிருந்த மைக் தாழ்ந்தது.

“தெரிஞ்சுமா என்னையச் சொன்னீங்க, அக்கா?” ஹாஜரா கேட்டாள்.

நல்லம்மாள் நேராகப் பார்த்தாள்.

“இவரச் சொல்ல பயமா இருந்துச்சு, ஹாஜரா. ஒன்னையச் சொல்ல யாருக்கும் பயம் இல்ல.”